மூன்றாவது ஹோஸ்

வீட்டிலேயே கார் வேலை பார்க்க உட்காருகிறவர்கள் பலர் தரையில் அட்டை விரிக்க மறந்துவிடுகிறார்கள். அட்டை இருந்தால் முதுகு வலிக்காது, சிந்துகிற ஆயில் தரையில் ஊறாது, கைதவறி விழும் வாஷர் உருண்டு ஓடாது. முக்கியமாக, எந்தச் சொட்டு எங்கிருந்து விழுந்தது என்று அட்டை காட்டிக்கொடுத்துவிடும். நான் ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையைத்தான் வைத்திருக்கிறேன். நல்ல தடிமன். ஆறு வருடமாக உழைக்கிறது.

மேடம், நீங்கள் பத்துத் தாள் கொடுத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். உங்கள் உதவியாளர், "சுருக்கமா எழுதுங்க சார், காவியம் பாடிடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அது எப்படிக் கெட்டது என்று புரிந்துகொள்ள முடியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரங்களைப் பராமரித்தவன். தகரத்தை ஒரே அழுத்தில் கதவாகவும் கூரையாகவும் வளைக்கிற ராட்சத இயந்திரங்கள் அவை. அவ்வளவு பலமும் ஆயிலின் அழுத்தத்திலிருந்து வருவது. அந்த ஆயிலைக் கொண்டுபோகும் ஹோஸ்கள்தான் என் பொறுப்பு. தொழிற்சாலையில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேச்சுக்குப் பேச்சு 'பிரஷர், பிரஷர்' என்பேனாம், அதுவே பேராகிவிட்டது. மேல்வீட்டில் குடியிருக்கும் தையற்காரர்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள். மூன்று தடவை தேர்வுக்குப் போய் மூன்று தடவையும் தோற்றேன். சாலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் என் காது இன்ஜினுக்குள் போய்விடும். பெல்ட் ஒன்று கீச்சென்றால், எந்தப் பெல்ட் என்று தெரியாமல் என்னால் அடுத்த திருப்பத்தைப் பார்க்க முடியாது. என் மனைவி நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தேர்விலேயே தேறிவிட்டாள். அன்று வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து சொன்னாள், "ஓட்டறது என் பாடு, அது எதனால ஓடுதுங்கறது உங்க பாடு. சரியாப் போச்சா கணக்கு?" சரியாகத்தான் இருந்தது.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு அவள் காலையில் போய் மாலையில் வருவாள். நான் வீட்டில் இருப்பேன்.

இப்போது பவர் ஸ்டியரிங். கார் மெதுவாகப் போகும்போது முன்சக்கரத்தைத் திருப்புவது உண்மையில் மிகவும் கடினம். வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த இரண்டு டயர்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கையால் திருப்புவது, ஆட்கள் உட்கார்ந்திருக்கிற கட்டிலை நகர்த்துகிற மாதிரி. அதற்காக இன்ஜினோடு ஒரு சின்ன பம்பை பெல்ட் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும். அழுத்தம் ஒரு ஹோஸ் வழியாகச் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் ஸ்டியரிங் பெட்டிக்குப் போய், நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் தானும் தள்ளிக் கொடுக்கும். நாம் ஒரு விரலால் திருப்புகிறோம் என்று நினைக்கிறோம். திருப்புவது ஆயில்.

அந்த ஹோஸ் போய்விட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்டியரிங் திரும்பும், ஆனால் கனக்கும். பலசாலியான ஆண் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிவிடலாம். என் மனைவிக்கு வலது தோளில் மூன்று வருடத்துக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்தது. தசைநார் அறுந்து, தைத்துச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கையால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். கார் ஓட்டலாமா என்று அவள் கேட்டாள். "பவர் ஸ்டியரிங்தானே? ஓட்டுங்க" என்றார்.

முதல் ஹோஸ் தானாகத்தான் போனது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. பதினோரு வருடப் பழைய ரப்பர், வெப்பத்தில் வெந்து வெந்து வெடிப்பு விட்டிருந்தது. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து, "ஏங்க, வண்டி திரும்பறப்ப பல்வலிக்காரன் மாதிரி முனகுது" என்றாள். அட்டையைத் தள்ளிக் கீழே பார்த்தேன். சிவப்புச் சொட்டு. ஸ்டியரிங் ஆயில் சிவப்பாக இருக்கும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை விழுங்கும். அந்த முனகல் அதுதான்.

ஹோஸ் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை கார் வாசலில் இரண்டு முட்டுத்தாங்கிகளின் மேல், முன்சக்கரம் கழற்றி நின்றது. காலையில் அவளை என் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டு, மாலையில் போய்க் கூட்டி வருவேன். அவள் பின்னால் உட்கார்ந்து இடது கையை என் தோளில் வைத்துக்கொள்வாள். அந்தப் பதினோரு நாளும் அவள் தன் வேலையிடத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த பயில்வானைப் பற்றி, காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் மூச்சுக்கூட விடாமல் வந்து நிற்கிற கிழவரைப் பற்றி. காரில் அவள் பேசுவதில்லை, சாலையைப் பார்ப்பாள்.

அந்த ஹோஸை நான் மிக நன்றாக மாட்டினேன். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் இது தேவைப்படும். பழையது எந்த வழியாகப் போயிருந்ததோ அதே வழியாகப் புதியதை நுழைக்க வேண்டும், ஒரு விரல்கூட விலகக் கூடாது. மரையை முதலில் கையால் ஏற்ற வேண்டும், அப்புறம்தான் ஸ்பானர். இணைப்பின் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். செம்பு ஒரு தடவைதான் நன்றாக நசுங்கிக்கொடுக்கும், மறுதடவை முரண்டு பிடிக்கும். நடுவில் இரண்டு கிளிப்கள். அவை ஹோஸை உடம்போடு பிடித்து வைத்திருக்கும், ஆட விடாது. பிறகு ஆயில் ஊற்றி, சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை மெதுவாகத் திருப்பினால், உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக மேலே வந்துவிடும். அவள் உள்ளே உட்கார்ந்து திருப்பினாள், நான் ஆயில் ஊற்றும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். எதற்காகத் திருப்புகிறோம் என்று விளக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது தடவையில் அவளுக்கு போன் வந்தது, எழுந்து போய்விட்டாள். மீதி எட்டையும் நானே திருப்பினேன்.

மறுநாள் அவள் காரில் வேலைக்குப் போனாள். நான் வாசலில் நின்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு நல்ல வேலை.

அடுத்த மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். மலைமேல் இருக்கும் ஊரில் அவர்கள் கூடம் ஒரு கிளை திறக்கிறது. அதை அவளே ஏற்று நடத்த வேண்டுமாம். இரண்டரை மணி நேரத்துப் பாதை, தினம் போய் வர முடியாது. அங்கே ஒரு அறை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவாள்.

"நீங்களும் வர்றதுன்னா வாங்க" என்றாள்.

"அங்க வந்து நான் என்ன பண்றது?"

"இங்க என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றாள். அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். போய் வா என்று சொன்னேன். தடுக்கவே இல்லை. இதை அவளுடைய தங்கையும் உங்களிடம் ஒப்புக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது தடவை நடந்ததை ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இணைப்பைக் கழற்றி, புது வாஷர்களை எடுத்துவிட்டு, முதலில் கழற்றிப் போட்டிருந்த பழைய வாஷர்களைத் திரும்பப் போட்டேன். ஒரு வாரத்தில் கசிய ஆரம்பித்தது. கசிவு மரியாதையான கோளாறு. சொல்லிவிட்டு வரும். முதலில் சொட்டு, அப்புறம் முனகல், அப்புறம் லேசான கனம். யாருக்கும் ஆபத்தில்லை. கார் மறுபடியும் முட்டுத்தாங்கிமேல் ஏறியது. ஒன்பது நாள்.

மேல்வீட்டுத் தையற்காரர் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிரஷர், தாயி மறுபடியும் பிரசவத்துக்கு வந்துட்டாளா?"

"வாஷர் மக்கர் பண்ணிடுச்சு" என்றேன்.

"உம்ம கையில போன வேல மக்கர் பண்ணுமா? கலிகாலம்யா."

அவருக்குப் பின்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் போன பிறகு கேட்டாள், "ஏங்க, ஒரு தடவ வெளிய மெக்கானிக்கிட்ட காட்டிடலாமா? உங்களுக்கும் அலைச்சல்."

"தாராளமா காட்டலாம்" என்றேன்.

காட்டவில்லை. என் மனம் புண்படும் என்று நினைத்திருப்பாள். அவள் அப்படித்தான். எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியை எடுக்கிறவள். அந்த ஒன்பது நாளும் ஸ்கூட்டரில் வந்தாள். ஆனால் இந்த முறை கதைகள் குறைவாக இருந்தன. போனில் மலை ஊரில் வாடகைக்கு அறை பார்த்துக்கொண்டிருந்தாள், என் தோளில் இருந்த கையை எடுத்துத் திரையைத் தடவினாள்.

வாஷரை மட்டும் மாற்றினால் நீண்ட நாள் தாங்காது என்று சொல்லி, வாஷரோடு ஹோஸையும் மாற்றிவிடுகிறேன் என்றேன். ஒன்பதாம் நாள் அது வந்ததும் மாட்டினேன். கணக்குப்படி அது இரண்டாவது புது ஹோஸ். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாட்டும்போது ஒரு கிளிப்பைப் போடவில்லை.

நான் எதையும் அறுக்கவில்லை, எதையும் தளர்த்தவில்லை. உங்கள் ஆட்கள் பார்த்தபோது எல்லா மரையும் சரியான இறுக்கத்தில் இருந்ததாக அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டினீர்கள். கிளிப் ஒன்று குறைவு என்பதையும் எழுதியிருந்தார்கள். நல்ல கவனம். பன்னிரண்டு மில்லிமீட்டர் கிளிப், கட்டைவிரல் நகம் அளவுதான். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹோஸ் லேசாக நடுங்கும். அந்த இடத்தில் பக்கத்திலேயே ஒரு இரும்புத் தாங்கியின் விளிம்பு இருக்கிறது. ஹோஸ் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். மேல் ரப்பர் தேயும், அப்புறம் உள்ளே பின்னியிருக்கும் கம்பி வலை வெளியே தெரியும், அப்புறம் கம்பி ஒவ்வொன்றாக விடும். அவள் ஒரு நாளைக்கு ஓட்டுகிற தூரத்தை வைத்து, ஆறு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஆறாவது வார முடிவில்தான் அவள் புது ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது.

முதல் நாள் விசாரணையில், அதுவும் கசியும் என்றுதான் நினைத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். உரசித் தேய்ந்த ஹோஸ் கசியாது. வெடிக்கும். எந்த நொடியில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறதோ அந்த நொடியில் வெடிக்கும். ஸ்டியரிங்கில் அழுத்தம் உச்சத்துக்குப் போவது, மெதுவாகப் போய்க்கொண்டே முழுக்கத் திருப்பும்போது. எங்கள் தொழிற்சாலைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கும்: உரசுகிற ஹோஸ் அழாது, வெடிக்கும். அதை எழுதச் சொன்னவன் நான்தான். வருடா வருடம் புதிதாகச் சேருகிறவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி அதைத்தான் முதல் பாடமாக நடத்தினேன்.

கிளம்புவதற்கு எட்டு நாள் முன்பு உதிரிபாகக் கடைக்குப் போய் மூன்றாவது ஹோஸை வாங்கினேன். கடைக்காரர், "போன மாசம்தானே வாங்கினீங்க, என்ன சார், ஹோஸை சமைச்சுச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல ஞாபகசக்தி. நல்ல ஹோஸ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. பதில் எளிது. அது தேவைப்படும் என்று எனக்குத் தெரியும்.

அவள் கிளம்பிய காலை. பெட்டிகளைப் பின்னால் ஏற்றிவிட்டோம். கீழே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, அட்டையைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ரப்பர் முழுக்கத் தேய்ந்து கம்பி வலை வெள்ளிபோல மின்னியது. இரண்டு கம்பி ஏற்கெனவே விட்டிருந்தது. புது ஹோஸ் வீட்டுக்குள் அலமாரியில் இருந்தது, கிளிப்பும் இருந்தது. மூன்று மணி நேர வேலை. மதியம் கிளம்பியிருக்கலாம்.

பக்கத்தில் அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது. புதுச் செருப்பு.

"என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குப் போதும்" என்றாள்.

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். தெரு முனையில் அவள் திரும்புவதைப் பார்த்தேன். அங்கே வெடிக்கவில்லை. அது அகலமான திருப்பம், வெடிக்காது என்று தெரியும்.

அப்புறம் உள்ளே போய் ஸ்பானர்கள், புது ஹோஸ், இரண்டு கிளிப், வாஷர்கள், ஒரு பாட்டில் சிவப்பு ஆயில் எல்லாவற்றையும் பையில் வைத்தேன். ஃபிளாஸ்கில் டீ போட்டேன், இரண்டு பேருக்கு. பையை ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மலைப்பாதையின் முதல் ஊசித் திருப்பத்தில் போகும் என்று கணித்திருந்தேன். அங்கே சாலை அகலம், ஓரத்தில் கல் சுவர் இருக்கிறது. வண்டி மெதுவாகத்தான் போகும். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கை மிதிப்பாள், நிற்கும். போன் செய்வாள். "என்னங்க, வண்டி மறுபடியும் படுத்துடுச்சு" என்பாள். நான் போவேன். சாலை ஓரத்தில் டீ குடிப்போம். இந்த வண்டியை நம்பி மலைக்குப் போக முடியாது என்று அவளே சொல்வாள். இதுதான் நான் நினைத்திருந்தது. இதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்று மூன்று நாளாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோளைப் பற்றிக் கேட்டீர்கள். தோள் என் கணக்கில் வரவில்லை, மறந்துவிட்டேன் என்றேன். அதையும் திருத்திக்கொள்கிறேன். மூன்று வருடமாகத் தினமும் படுப்பதற்கு முன் அந்தத் தோளுக்கு மருந்து தேய்த்துவிடுகிறவன் நான். எந்த உயரத்துக்கு மேல் கை போனால் அவளுக்கு உதடு கோணும் என்று எனக்குத் தெரியும். ஆயில் இல்லாமல் அந்த வண்டியை அந்த ஏற்றத்தில் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பதும் தெரியும், அதை நான் தாளில் போட்டே பார்த்திருந்தேன். இரண்டு எண்களும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்தத் தாளை உங்கள் ஆட்கள் மேசை இழுப்பறையில் எடுத்தார்கள்.

முதல் திருப்பத்தில் போகவில்லை. ஐந்தாவது திருப்பத்தில் போயிற்று. அங்கே சுவர் முந்தைய மழையில் இடிந்திருந்தது, அது எனக்குத் தெரியாது. நாலு ஆள் உயரத்துக்குக் கீழே, ஒரு காய்கறித் தோட்டத்தில் வண்டி தலைகீழாகக் கிடந்தது. போன் வந்தது. அவள் எண்ணிலிருந்துதான் வந்தது. பேசியவர் ஒரு லாரி ஓட்டுநர். "வண்டிக்காரம்மாவுக்கு நீங்க யாருங்க?" என்று கேட்டார். நான் டீ ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அதற்குக் கீழே உடம்பில் உணர்ச்சி இல்லை. தோளைக் கொஞ்சம் அசைப்பாள், தலையைத் திருப்புவாள், பேசுவாள். டாக்டர்கள் இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். அழுத்தம் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிலில் எழுதி ஒட்டியிருந்தேன்: எட்டு மணி இடது, பத்து மணி மல்லாக்க, பன்னிரண்டு வலது. நாலு மாதத்தில் ஒரு புண்கூட இல்லை. பார்க்க வந்த நர்ஸே, "ஆஸ்பத்திரில நாங்க பத்துப் பேர் இருந்தும் இப்படிப் பாக்க முடியாது சார்" என்றார். தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புருஷன்னா இவருய்யா" என்று தெருவெல்லாம் சொன்னார்.

அவளுடைய தங்கை மட்டும் வந்த முதல் நாளே, "அத்தான், அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல ஆள் இருக்கு" என்றாள். நான் கட்டிலில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் நானும் அவளும் பேசுவோம். முன்பெல்லாம் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது இருக்கும், போன் வரும். இப்போது முழுக்கக் கேட்டாள். மிக்ஸி எப்படி ஓடுகிறது, கம்பி அறுந்தாலும் லிஃப்ட் ஏன் கீழே விழாது, எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினேன். ஒரு நாள் அவளாகவே கேட்டாள்.

"அன்னைக்கு ஏங்க வெடிச்சுது?"

தாளை அட்டைமேல் வைத்து, அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பம்பிலிருந்து ஆரம்பித்தேன். அவள் நிறுத்தவில்லை. நடுநடுவே கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள். இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

"கிளிப் ரெண்டுமே போடணுமா? ஒண்ணு போட்டா தாங்காதா?"

"தாங்காது. உரசும்."

"உரசினா வெளிய தெரியுமா?"

"கீழ படுத்துப் பாத்தா தெரியும்."

கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க அன்னைக்குக் கீழ படுத்துப் பாத்தீங்களே. என்ன தெரிஞ்சுது?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் விளக்கத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதோடு, அவள் முதன்முறையாக இவ்வளவு தூரம் கேட்டு வந்திருந்தாள். கம்பி மின்னியதைச் சொன்னேன். இரண்டு கம்பி விட்டிருந்ததைச் சொன்னேன். மூன்றாவது ஹோஸ் அலமாரியில் இருந்ததையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டேன். ஆறு மணி ஆகியிருந்தது. வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.

மறுநாள் காலை, தங்கையிடம் பேச வேண்டும் என்றாள். நான்தான் எண்ணை அழுத்தி அவள் காதில் போனைப் பிடித்துக்கொண்டேன். "வா" என்று மட்டும் சொன்னாள். தங்கை வந்ததும் நான் மருந்து வாங்க வெளியே போய்விட்டேன். அக்காள் தங்கை பேசுகிற இடத்தில் எனக்கென்ன வேலை. திரும்பி வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையணையை உயரமாக வைக்காதீர்கள் என்று சொல்லப் போனேன். தங்கை குறுக்கே வந்து நின்றாள். "அத்தான், கிட்ட வராதீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. மாலையில் நீங்கள் வந்தீர்கள்.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் எனக்கு எத்தனை வருடம் வாங்கிக் கொடுத்தாலும் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். நான் செய்தேன். வெடிக்கும் என்று தெரிந்து செய்தேன், அவளால் திருப்ப முடியாது என்று தெரிந்து செய்தேன், சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் வழக்கு முடிகிற வரையாவது அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். தங்கை வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். புண் வந்துவிடும்.

நேற்று அவளுடைய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நாலு பக்கம். கடைசியில், "என்னை அவர்கிட்ட மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க" என்று இருந்தது. அந்த வரியில் நீங்கள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். தாளில் ஏதோ குறித்துக்கொண்டீர்கள். அந்த வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை பக்கத்தில் இருந்திருப்பாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது அதற்கு முன்னால் இருந்ததையெல்லாம்தான். பம்ப், பெல்ட், ஆயில் போகிற பாதை, செம்பு ஏன் இரண்டாம் தடவை நசுங்காது, எத்தனை கிளிப், எந்த விளிம்பு, முதலில் ரப்பர், பிறகு கம்பி. எழுதிக்கொள்ளக் கை இல்லாதவள். ஒரே ஒரு மாலை கேட்டவள். ஓர் இடத்தில்கூடத் தப்பில்லை, வரிசைகூட மாறவில்லை. வெறுக்கிறவர்கள் அவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை, மேடம்.